ஆட்டோ கியர் காரில் ஸ்டேரிங் பேடில்: சிங்கப்பூரில் இதற்கு வேலை உண்டா?

ஈசூன்வாசி | வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆட்டோ கியருக்கு மட்டுமான 3ஏ உரிமம் எடுத்தவன். கிளட்ச் உள்ள காரை ஓட்டியதே கிடையாது. போன மாதம் ஒரு ஜப்பானியக் காரை செகண்ட்ஹேண்டில் வாங்கினோம். 1.6 லிட்டர், சிவிடி என்ற படியில்லாத ஆட்டோ கியர்பாக்ஸ். ஸ்டேரிங்குக்குப் பின்னால் இடது பக்கம் ‘−’, வலது பக்கம் ‘+’ என்று குறி போட்ட இரண்டு பேடில் இருக்கிறது. விற்றவர் ஏர்கான், கேமரா, புளூடூத் எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். இதைக் கேட்டபோது மட்டும் “வேகமா ஓட்டுறவங்களுக்கு, உங்களுக்குத் தேவைப்படாது” என்று முடித்துவிட்டார்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு மலேசியாவில் பத்துமலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே கெந்திங் ஏறலாம் என்று திட்டம். மலைச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லை. பேடிலைத் தொட்டால் கியர்பாக்ஸ் சீக்கிரம் தேயுமா? பெட்ரோல் கூடக் குடிக்குமா? ‘டி’யில் (வழக்கமான டிரைவ் நிலையில்) போய்க்கொண்டிருக்கும்போதே இழுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுச்சவாரி | வெள்ளி, இரவு 10.15

தம்பி, நான் தனியார் வாடகைக் கார் ஓட்டுறேன். நாள் முழுக்க ரோட்டுலதான். இதுவரைக்கும் பேடிலத் தொட வேண்டிய அவசியமே வந்ததில்ல. நம்ம ஊர்ல உசரமான இடமே புக்கிட் தீமா குன்றுதான், அதுவும் 164 மீட்டர்தான். ‘டி’ல போட்டு பிரேக்க ஒழுங்கா மிதிச்சா போதும். பிரேக் பேட் தேஞ்சா மாத்திக்கலாம், அது சாமான்யச் செலவு. கியர்பாக்ஸ் போச்சுன்னா காரையே விக்க வேண்டியதுதான். சிஓஇ (கார் வச்சிருக்க வாங்குற உரிமைச் சான்றிதழ்) விலை இருக்குற நிலைமையில கியர்பாக்ஸோட விளையாடக் கூடாதுங்குறது என் கருத்து.

கெந்திங் விஷயம் வேற. அத மலைப்பாதையில பழக்கம் உள்ளவங்க சொல்லட்டும்.

சின்மிங் பட்டறை | வெள்ளி, இரவு 11.30

இரவுச்சவாரி அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை. சின் மிங்கில் கியர்பாக்ஸ் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம். பேடிலை இழுத்தால் கியர் மாறுவதில்லை. “மாற்றித் தா” என்று கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு விண்ணப்பம் போகிறது, அவ்வளவுதான். வண்டி வேகத்தையும் இன்ஜின் சுற்றையும் பார்த்துத்தான் அது முடிவெடுக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முதல் கியர் கேட்டீர்களென்றால் கொடுக்காது. சில கார்களில் ஒரு மணி ஒலிக்கும், சிலவற்றில் டேஷ்போர்டில் கியர் எண் மின்னும், சிலவற்றில் ஒன்றுமே நடக்காது. வண்டி நிற்கப் போகும்போது நீங்கள் மறந்துவிட்டாலும் அதுவே கியரை இறக்கிக்கொள்ளும். சுற்று சிவப்புக் கோட்டைத் தொட்டால் பெரும்பாலான சாதாரணக் கார்கள் தாமாகவே அடுத்த கியருக்குப் போய்விடும். ஆகவே பேடிலால் இன்ஜினை உடைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

இரண்டாவது, பெட்ரோல். எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியர் கோர்த்த நிலையில் வண்டி உருண்டுகொண்டிருந்தால், இக்கால இன்ஜின்கள் இன்ஜெக்டரை மூடிவிடும். பெட்ரோல் ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. இன்ஜினைச் சுற்ற வைப்பது சக்கரங்கள்தான். சுற்று ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கீழே இறங்கும்போதுதான், இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க மறுபடி பெட்ரோல் விடும். அதனால் இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜின் 4,000 சுற்றில் ‘ஊ’வென்று கத்தினாலும் அந்த நேரத்தில் செலவு பூஜ்யம். மாறாக, பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து ‘என்’னில் (நியூட்ரல்) போட்டு இறங்குகிறார்களே, அவர்கள் இன்ஜின்தான் ஐடிலில் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கிறது. பிடிமானமும் போய்விடுகிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, இன்ஜின் எப்படி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது என்பது. காலை எடுத்ததும் காற்று போகும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். பிஸ்டன்கள் மட்டும் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். உறிஞ்சுகுழலின் நுனியை விரலால் முக்கால்வாசி அடைத்துக்கொண்டு கோப்பி ஓ உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் வலிக்கும். அந்தப் பாடுதான் பிஸ்டனுக்கும். கியர் குறையக் குறைய இன்ஜின் அதிகமாகச் சுற்றும், அதே நிமிடத்தில் அதிக தடவை இழுக்கும், பிடிமானம் கூடும். உங்கள் காரில் 1.6 லிட்டர் இருக்கிறது. ஒரு லிட்டர் டர்போ வைத்திருப்பவர்கள் அதே பிடிமானத்துக்கு இன்னும் ஒரு படி கீழே போக வேண்டியிருக்கும்.

சிவிடியில் உண்மையில் கியரே கிடையாது. இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே ஓர் இரும்பு பெல்ட் ஓடுகிறது, அவ்வளவுதான். பேடிலை இழுத்தால் ஏழு இடங்களில் ஏதோ ஒன்றில் அந்தப் புல்லியைப் பிடித்து வைக்கிறது கம்ப்யூட்டர். அதனால் அதில் தேய்மானக் கவலை இன்னும் குறைவு. சிவிடியைக் கெடுப்பது பேடில் இல்லை. எண்ணெய் மாற்றாமல் ஓட்டுவதுதான். வாங்கிய காரில் முன்பு எப்போது மாற்றினார்கள் என்ற ரசீது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

ஈசூன்வாசி | சனி, காலை 8.05

அண்ணே, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி. ‘டி’யிலேயே வைத்து இழுப்பதற்கும் ‘எஸ்’ஸுக்கு (ஸ்போர்ட்) போய் இழுப்பதற்கும் என்ன வித்தியாசம்?

சின்மிங் பட்டறை | சனி, காலை 8.40

‘டி’யில் இழுத்தால் தற்காலிகம். சில வினாடி நீங்கள் கேட்ட கியரில் நிற்கும். நீங்கள் சீராக ஓட்டத் தொடங்கியதும் “இவருக்கு வேலை முடிந்தது” என்று தானாக ‘டி’க்குத் திரும்பிவிடும். ‘எஸ்’ அல்லது ‘எம்’மில் (நாமே கியர் மாற்றும் மேனுவல் நிலை) வைத்து இழுத்தால் நீங்கள் மாற்றும்வரை அங்கேயே நிற்கும். ஊருக்குள் முதல் வகை, மலையில் இரண்டாம் வகை. நீளமான இறக்கத்தில் ‘டி’யில் வைத்து இழுத்துவிட்டு நம்பி உட்காரக் கூடாது. வளைவின் நடுவில் அது கியரை ஏற்றிவிட்டால் பிடிமானம் சட்டென்று விட்டுப்போகும்.

தோபாயோ அக்கா | சனி, காலை 10.20

ஈசூன் தம்பி, நாங்க கெந்திங், கேமரன் மலை ரெண்டுக்கும் கார்லயே போய்வர்ற குடும்பம். மலையில ஓட்டுறது பெரும்பாலும் நான்தான், என் வீட்டுக்காரருக்கு வளைவு வந்தாலே தலை சுத்தும். அதனால என் அனுபவத்தச் சொல்றேன்.

ஏறும்போது பயமே இல்ல. காரு தானா கியரக் குறைச்சுக்கும், சத்தம் போடும், போடட்டும். கவனம் வேண்டியது இறங்கும்போதுதான். உச்சியில கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். அங்கேருந்து மலை நடுவுல இருக்கிற கோத்தோங் ஜெயா ஊர் வரைக்கும் ஒரே சரிவு, கொண்டை ஊசி வளைவுங்க. அதுக்கப்புறமும் காராக் நெடுஞ்சாலை வரைக்கும் இறக்கந்தான். கீழ வந்து ஒதுங்கி நிக்கிற இடங்கள்ல கண்ணாடிய இறக்கினா பிரேக் கருகின வாசனை மூக்குல ஏறும். நம்ம ஊர் நம்பர் பிளேட்டும் அதுல இருக்கும். சரிவு முழுக்க ‘டி’ல வச்சு, காலப் பிரேக்குலயே ஊனிக்கிட்டு இறங்கினா வேற என்ன ஆகும்? குறைஞ்ச கியர்ல இறங்கணும்னு வழி நெடுக மலாய்ல பலகை வச்சிருக்காங்க. பேடில் இருக்கிற கார வச்சுக்கிட்டு அதப் படிச்சும் படிக்காத மாதிரி போறது எனக்கு மனசு கேக்காது.

நான் செய்யிறது இதுதான். மேல கார்பார்க்க விட்டுக் கிளம்பும்போதே ‘எஸ்’ஸுக்கு மாத்திடுவேன். சரிவு தொடங்குறதுக்கு முன்னாடியே ரெண்டாவது இல்ல மூணாவதுல வச்சுடுவேன். வேகம் ஏறின பிறகு கியரக் குறைக்கிறது வேற, ஏறாம இருக்கக் குறைச்சு வைக்கிறது வேற. முதலாவதுல வண்டி வெடுக்குனு இழுக்கும், பின்னால உக்காந்திருக்கிற பெரியவங்களுக்குக் கழுத்து ஆடும், வாந்தி வரும். ரெண்டாவதுல அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அப்பாம்மாவோட போறீங்க, அதனால இத அழுத்திச் சொல்றேன்.

பழைய கிளட்ச்காரர் | சனி, பிற்பகல் 2.10

வணக்கம். நான் வகுப்பு 3 உரிமம் எடுத்த காலத்தில் ஆட்டோ கார் வைத்திருந்தால் வசதிக்காரர் என்று அர்த்தம். கியரைக் குறைத்து இறங்குவதை எங்களுக்குப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள். 3ஏ எடுக்கும் பிள்ளைகளுக்கு ‘டி’, ‘ஆர்’ (ரிவர்ஸ்), ‘பி’ (P, பார்க்கிங்) மூன்றும் தெரிந்தால் தேர்வு முடிந்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. கற்றுத்தர வேண்டியதைக் கற்றுத்தரவில்லை என்றுதான் சொல்கிறேன். ஈசூன்வாசி கேட்டது நல்ல காரியம்.

இந்தப் பேடில் எங்கிருந்து வந்தது என்று இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1989இல் ஃபெராரி தன் 640 என்ற ஃபார்முலா ஒன் காரில் இதைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் ஜான் பார்னார்டு. ஸ்டேரிங்கை விட்டுக் கையை எடுக்காமல் கியர் மாற்ற வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். அந்தக் கார் முதல் பந்தயத்தையே தாண்டாது என்று பலரும் எண்ணியிருந்தார்கள். பிரேசிலில் நடந்த அந்த முதல் பந்தயத்தில் நைஜல் மான்செல் வென்றார். 1997இல் ஃபெராரி எஃப்355 வழியாக அது சாலைக்கு வந்தது. அதன் பிறகு விலை இறங்கி இறங்கி இன்று குடும்பக் கார் வரை வந்திருக்கிறது.

பந்தயத்தில் பிறந்தது என்பதாலேயே “வேகத்துக்கு” என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பந்தயக்காரனும் இடது பேடிலை இழுப்பது வேகத்தைக் குறைத்து வளைவுக்குள் நுழையும்போதுதான். நம்மைப் போன்றவர்களுக்கு வலது பேடிலால் கிடைக்கும் பயன் சொற்பம். ‘+’ஐ அந்தக் கம்ப்யூட்டரே நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் சரிவும் வளைவும் லாரியும் அதற்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். ஆகவே இடது கைதான் பழக வேண்டிய கை.

இரவுச்சவாரி | சனி, மாலை 6.30

அக்கா சொல்றதும் ஐயா சொல்றதும் மலைக்குச் சரி. ஆனா இதப் படிச்சிட்டு நாளைக்கு யாராவது தீவு விரைவுச்சாலையில இடது பேடில இழுத்து வேகத்தக் குறைச்சா, பின்னால வர்றவனுக்கு எப்படித் தெரியும்? பிரேக்க மிதிச்சாத்தான சிவப்பு விளக்கு எரியும்? இங்க பின்னால ஒட்டிக்கிட்டே வர்றவங்க எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும். லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் வரும். இன்னொண்ணு, மழை. சாயங்கால மழையில ரோடு எண்ணெயும் தண்ணியுமா வழுக்கும்போது கியரச் சடார்னு குறைச்சா சக்கரம் பிடி விட்டுடாதா? நான் பேடில் வேணாம்னு சொன்னதுக்கு இதுவும் காரணம்.

பயிற்றுநர் | சனி, இரவு 9.00

இரவுச்சவாரி எழுப்பிய இரண்டு கேள்விகளும் மிகச் சரியானவை. இந்த இழையில் இதுவரை யாரும் தொடாதவை.

பெட்ரோல் காரில் இன்ஜின் பிடிமானத்தால் வேகம் குறையும்போது பின்விளக்கு எரியாது. ஆகவே பழக்கம் இப்படி இருக்க வேண்டும்: முதலில் நடுக்கண்ணாடி, பிறகு பிரேக்கில் லேசாக ஒரு தொடுகை, அதன் பிறகே பேடில். அந்தத் தொடுகை வேகத்தைக் குறைப்பதற்கு இல்லை, பின்னால் வருபவருக்குச் சொல்வதற்கு. சிவப்பு விளக்குச் சந்திப்பில் நிற்பதற்குப் பேடில் தேவையே இல்லை, பிரேக் போதும். அதைத்தான் என் மாணவர்களுக்கும் சொல்கிறேன்.

மழையில் இரவுச்சவாரியின் பயம் நியாயமானது. பெரும்பாலான கார்களில் இன்ஜின் பிடிமானம் நான்கு சக்கரத்துக்கும் போவதில்லை. இன்ஜின் இழுக்கும் இரண்டு சக்கரத்துக்கு மட்டும்தான் போகும். பின்சக்கர இழுவை உள்ள கார்களில் ஈரமான வளைவுக்குள் நுழைந்த பிறகு இரண்டு படி குறைத்தால் பின்பக்கம் விலக வாய்ப்புண்டு. நேர்கோட்டில் இருக்கும்போதே, ஒவ்வொரு படியாக, நடுவில் ஒரு மூச்சு விட்டு இழுங்கள். வளைவுக்குள் ஸ்டேரிங் திரும்பியிருக்கும்போது எதையும் இழுக்காதீர்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் பேடில் ஸ்டேரிங்கோடு சேர்ந்து சுழலும். அரைச்சுற்றுத் திருப்பினால் ‘−’ வலப்பக்கம் வந்துவிடும். ஆல்ஃபா ரோமியோ ஜூலியா போன்ற சில கார்களில் மட்டும் தண்டில் பொருத்தியிருப்பதால் இருந்த இடத்திலேயே நிற்கும்.

ஈசூன்வாசிக்குப் பழக இடம் வேண்டுமென்றால் இங்கேயே இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல மாடி கார்நிறுத்தத்தின் மேல்தளத்துக்கு, கூட்டமில்லாத இரவு நேரத்தில் ஏறுங்கள். இறங்கும்போது ‘எஸ்’ஸில் முதல் கியரில் வைத்து, பிரேக்கைத் தொடாமல் ஒரு தளம் இறங்கிப் பாருங்கள். இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்று இடுப்பே சொல்லும். அடுத்து ஃபேபர் மலைச் சாலை, சின்னது என்றாலும் வளைவும் சரிவும் சேர்ந்தே கிடைக்கும். மூன்றாவது மரினா கடலோர விரைவுச்சாலை. அதில் 420 மீட்டர் கடலுக்கு அடியில் போகிறது. சுரங்கத்தில் இறங்கும்போது சரிவு கண்ணுக்குத் தெரியாது, வேகமுள் மட்டும் தானாக ஏறும். அங்கே ‘டி’யிலேயே ஒரு படி இழுத்தால் வேகம் கட்டுக்குள் நிற்கும். பின்னால் இடைவெளி இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

மெர்சிங் பயணி | ஞாயிறு, காலை 7.15

வலது பேடிலைப் பற்றிப் பெரியவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், அதுவும் இடது பேடில்தான். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் ஒரு பக்கத்துக்கு ஒரே தடம். செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் தாண்டத்தான் வேண்டும். ‘டி’யில் எக்ஸலரேட்டரை அமுக்கினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பாயும். அந்தக் கணத்தில் நாம் எதிர்த் தடத்தில் இருப்போம். அதனால் நம் தடத்தில் இருக்கும்போதே இடது பேடிலை ஒன்றிரண்டு இழுத்து, இன்ஜினைத் தயாராக்கி, எதிரே காலி என்று உறுதியான பிறகு வெளியே வருவேன். தாண்டி முடித்ததும் ‘டி’. எதிரே விளக்கு தெரிந்தால் தாண்டாமல் பின்னாலேயே நிற்பதுதான் சரி. பேடில் இருக்கிறதே என்ற துணிச்சல் வரக் கூடாது.

பொங்கோல் மின்கார் | ஞாயிறு, காலை 11.00

இங்கே எல்லாரும் பெட்ரோல் காரையே பேசுகிறீர்கள். என் மின்காரிலும் பேடில் இருக்கிறது, கியர்தான் இல்லை! ஹூண்டாய் ஐயோனிக் 5, கோனா மின்கார் போன்றவற்றில் இடது பேடிலை இழுத்தால் மோட்டார் ஜெனரேட்டராகிப் பிடிப்பது ஒரு படி கூடும், வலது பேடிலை இழுத்தால் குறையும். பிடிமானம் உச்சத்தில் இருக்கும்போது காலை எடுத்தாலே வண்டி நின்றுவிடும். பிரேக்கில் வீணாகும் சக்தி பேட்டரிக்குத் திரும்புகிறது.

இரவுச்சவாரி அண்ணனின் விளக்குக் கேள்விக்கு மின்காரில் பதில் உண்டு. ஐநாவின் 13எச் பிரேக் விதிப்படி, இப்படிக் காலை எடுத்ததால் மட்டும் வேகம் குறையும்போது அந்தக் குறைவு வினாடிக்கு வினாடி 1.3 மீட்டரைத் தாண்டினால் பின்விளக்கு எரிந்தே ஆக வேண்டும். ஹோண்டாவின் இ:எச்இவி ஹைபிரிட்களில் இருக்கும் பேடிலும் இதே வேலைதான் செய்கிறது. பார்க்க கியர் பேடில் மாதிரியே இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். டொயோட்டா ஹைபிரிட்களில் பேடில் இல்லாவிட்டால் கியர்க் கம்பியில் ‘பி’ (B, பார்க்கிங்கின் P இல்லை) என்று ஓர் இடம் இருக்கும். இறக்கத்துக்கு அதுதான்.

தோபாயோ அக்கா | ஞாயிறு, பிற்பகல் 1.30

பேடில் இல்லாத கார வச்சிருக்கிறவங்களும் இதப் படிப்பீங்க. உங்க கியர்க் கம்பியில ‘எல்’, ‘2’, ‘எஸ்’, ‘பி’ன்னு (B) ஏதோ ஒண்ணு இருக்கும். கோலாலம்பூர்ல வாடகைக்கு எடுக்கிற சின்னக் காருக்கும் அது உண்டு. பேடில் இல்லையேன்னு இறக்கத்துல ‘டி’லயே வராதீங்க.

ஈசூன்வாசி | ஞாயிறு, மாலை 5.50

நேற்று இரவு எங்கள் புளோக் கார்நிறுத்தத்தில் பயிற்றுநர் ஐயா சொன்னபடியே செய்து பார்த்தேன். முதல் கியரில் பிரேக்கே இல்லாமல் நடை வேகத்தில் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா “இது நல்லா இருக்கே” என்றார்.

கடைசியாக இரண்டு கேள்வி. கெந்திங்கில் எந்த கியர் என்று எப்படி முடிவு செய்வது? அக்கா இரண்டாவது அல்லது மூன்றாவது என்கிறார், என் காரில் ஏழு படி இருக்கிறதே. இன்னொன்று, உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் மணிக்கணக்கில் ஊர்ந்து போகும்போது பேடில் உதவுமா?

தோபாயோ அக்கா | ஞாயிறு, மாலை 6.40

எண்ண மனப்பாடம் பண்ணாதீங்க தம்பி, அது காருக்குக் கார் மாறும். கால எடுத்துப் பாருங்க. வேகம் ஏறிக்கிட்டே போனா இன்னும் ஒரு படி குறைக்கணும். வேகம் அப்படியே நின்னா அதுதான் அந்தச் சரிவுக்கான கியர். ரொம்பக் குறைஞ்சு பின்னால வண்டி சேர்ந்தா ஒரு படி கூட்டுங்க. வளைவுக்கு முன்னாடி மட்டும் பிரேக்க அழுத்தமா மிதிச்சு, சட்டுனு விட்டுடணும். லேசா, நீளமா மிதிச்சுக்கிட்டே வர்றதுதான் பேடச் சூடாக்கும்.

சின்மிங் பட்டறை | ஞாயிறு, இரவு 8.15

கடற்பாலத்துக்குப் பேடில் வேண்டாம். சிவிடியிலும் சாதாரண ஆட்டோவிலும் ‘டி’யில் விட்டுவிடுங்கள். உலர்ந்த இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே உரசிச் சூடாகும். முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழும்வரை பொறுத்து, ஒரே தடவையில் போய் நில்லுங்கள். யாராவது இடையில் நுழைவார்கள், நுழையட்டும்.

கெந்திங்குக்குப் போகும் முன் பட்டறையில் ஒரு வேலை இருக்கிறது. பிரேக் எண்ணெயைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். எண்ணெயை அமுக்கினால் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதி தரைவரை போகும், கார் நிற்காது. பேட் தடிமனாக இருந்தாலும் இதுதான் கதி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

எவ்வளவு சூடு என்று கணக்காகவே சொல்கிறேன். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி எங்காவது போயாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சம் இன்ஜினுக்குப் போகிறதா, நான்கு பிரேக் டிஸ்க்குக்குப் போகிறதா என்பதை உங்கள் இடது கைதான் தீர்மானிக்கிறது.

பொங்கோல் மின்கார் | ஞாயிறு, இரவு 9.05

அந்த 4 யூனிட்டில் பெரும்பங்கு மின்காரில் பேட்டரிக்கே வந்துவிடும். ஆனால் மின்காரில் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: மலைமேல் தங்கும்போது 100 விழுக்காடு சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்கு வாங்கிக்கொள்ள இடமில்லை. இடது பேடிலை எத்தனை தரம் இழுத்தாலும் பிடிமானம் குறைவாகத்தான் கிடைக்கும், முழுப் பாரமும் பிரேக்குக்குப் போகும். 80இல் நிறுத்துங்கள். கீழே வரும்போது அளவு கூடியிருக்கும்.

சின்மிங் பட்டறை | ஞாயிறு, இரவு 9.20

ஹைபிரிட்டிலும் இதே கதைதான். அதன் பேட்டரி சின்னது, பாதி மலையிலேயே நிறைந்துவிடும். அப்போது சில கார்களில் இன்ஜின் திடீரென்று சத்தமாகச் சுற்ற ஆரம்பிக்கும். பழுது என்று பயந்து ஓரம் கட்ட வேண்டாம். மிச்சச் சக்தியைச் செலவழிக்க அதுவே இன்ஜினைச் சுற்றுகிறது.

இரவுச்சவாரி | ஞாயிறு, இரவு 11.45

இப்பத்தான் சவாரி முடிஞ்சு படிக்கிறேன். ஊருக்குள்ள ‘டி’யும் பிரேக்கும் போதும்ங்குறதுல நான் மாறல. ஆனா மலை இறங்க இடது பேடில் வேணும்னு ஒத்துக்கிறேன். தம்பி, எல்லை தாண்டும்போது டாங்கி முக்கால் இருக்கணும், மறந்துடாதீங்க. அங்க நம்ம காருக்கு ரோன் 95 பெட்ரோல் ஊத்த அனுமதி கிடையாது, 97தான். மலை ஏறும்போது கொஞ்சம் கூடத்தான் குடிக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி பணம் வச்சுக்குங்க. இறங்கும்போது கருகின வாசனை வந்தா என்ன செய்யணும்னு யாராவது சொல்லிடுங்க, அது விட்டுப்போச்சு.

பயிற்றுநர் | திங்கள், காலை 6.50

வாசனை வந்தாலோ, மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ உடனே கியரை இன்னும் குறைத்து, அடுத்த ஒதுங்குமிடத்தில் நிறுத்துங்கள். ‘பி’யில் (P, பார்க்கிங்) போட்டு, சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்திப் பிடித்தபடி நிற்கக் கூடாது. தண்ணீர் ஊற்றவே கூடாது, சூட்டில் இருக்கும் இரும்பு கோணும், விரிசலும் விடும். அரைமணி நேரமாவது காற்றில் ஆறட்டும். கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே மிதித்துப் பாருங்கள். மிதி கெட்டியாக நிற்காவிட்டால் ஓட்ட வேண்டாம், இழுவை வண்டியை அழையுங்கள்.